ஆறு இன்ச் தூண் கடைய எந்த உளி வாங்கறது?

கேள்வி என்னன்னா, 6 இன்ச் சதுரம், 4 அடி நீளக் கட்டையில படிக்கட்டுத் தூண் நாலு கடையணும், இதுவரைக்கும் கடைஞ்சதெல்லாம் ஸ்டூல் கால், கைப்பிடின்னு 2 இன்ச்சுக்குள்ள அடங்கற சாமான்தான், கையில இருக்கறது ஆரம்பத்துல வாங்குன 8 உளி செட்டும் ஒரு சதுர கார்பைடு டூலும், இது போதுமா இல்ல பெரிய உளி வாங்கணுமா, வாங்குனா எத வாங்கறது.

வாங்கணும், ஆனா நிறைய வேணாம். ஒன்னேகால் இன்ச் ரஃபிங் கௌஜ் (சதுரக் கட்டைய உருட்டற குழி உளி) ஒன்னு, ஒன்னேகால்ல இருந்து ஒன்றரை இன்ச்சுக்குள்ள அகலம் இருக்கற நல்ல தடிமனான ஸ்க்யூ (வாய் சாய்வா இருக்கற பட்டை உளி) ஒன்னு, அரை இன்ச் ஸ்பிண்டில் கௌஜ் (குமிழ், பள்ளம் எடுக்கற குழி உளி) ஒன்னு. அளவுக்கு வாய்க்கால் வெட்டற பார்ட்டிங் டூல் உங்க செட்லயே இருக்கும், அதுவே ஓடும். கடையில எல்லாரும் அகலத்தக் கேட்டுத்தான் வாங்குவாங்க, பெரிய கட்டைக்குன்னு வாங்கும்போது நீங்க அதுகூட தடிமனையும் கேளுங்க, பிடி எவ்வளவு நீளம்னும் கேளுங்க. ஏன்னு சொல்றேன்.

லேத்துல (கட்டையச் சுத்த விடற கடைசல் மெஷின்) உளியத் தாங்கற டூல் ரெஸ்ட்டுல இருந்து மரத்தத் தொடற முனை வரைக்கும் உளி எவ்வளவு வெளிய நீட்டிட்டு இருக்குங்கறதுதான் இங்க பிரச்சனையே. 2 இன்ச் கட்டையில அது அரை இன்ச், மிஞ்சிப்போனா முக்கால் இன்ச். 6 இன்ச் சதுரக் கட்டையோட மூலைவிட்டம் எட்டரை இன்ச், அதாவது சுத்தும்போது மூலை நடு அச்சுல இருந்து நாலேகால் இன்ச் தூரத்துல வந்துட்டுப் போகுது, ரெஸ்ட்ட அதுக்கும் வெளியதான் வைக்கணும், ஆனா நீங்க கடைய வேண்டிய வட்டம் 3 இன்ச் ஆரத்துல இருக்கு. அப்ப முதல் ரவுண்டுலயே ஒன்றரை இன்ச் நீட்டம் வந்துடுது. தூண்ல மேலயும் கீழயும் சதுரமா விட்டுட்டு நடுவுல மட்டும் உருட்டுற டிசைன்னா இன்னும் மோசம், சதுரத்துக்குப் பக்கத்துல இருக்கற கழுத்து 4 இன்ச் விட்டத்துக்கு இறங்குதுன்னா நீளமான ரெஸ்ட் அந்த சதுர மூலையில இடிக்கும், உள்ள தள்ள முடியாது, ரெண்டரை இன்ச் நீட்டத்துல வேலை செஞ்சாகணும். இதுக்கு ஒரு வழி 6 இன்ச் நீளக் குட்டி ரெஸ்ட் ஒன்னு வச்சுக்கறது, ரெண்டு சதுரத்துக்கும் நடுவுல அத மட்டும் உள்ள நுழைச்சுக்கலாம். அப்பவும் சதுரத்த ஒட்டின கடைசி ஒன்னு ரெண்டு இன்ச்சுல நீட்டம் இருக்கத்தான் செய்யும்.

நீட்டம் ரெட்டிப்பானா உளி வளையறது எட்டு மடங்கு ஆகும், நீளத்தோட கன மடங்குல ஏறுற கணக்கு அது. அதே மாதிரி தடிமன் கூடுனா வளையறது வேகமாக் குறையும். உருண்டைக் கம்பியில செஞ்ச ஸ்பிண்டில் கௌஜ எடுத்துக்கங்க, 3/8 இன்ச்சுக்கும் அரை இன்ச்சுக்கும் பார்க்க பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா அரை இன்ச் கம்பி மூணு மடங்குக்கு மேல விறைப்பு. பட்டையான ஸ்க்யூவுலயும் கால் இன்ச் தடிமனுக்கும் 3/8 இன்ச் தடிமனுக்கும் மூணு மடங்கு வித்தியாசம் வருது. வளையற உளி முதல்ல கடகடன்னு அதிரும், மரத்து மேல சுருள் சுருளா வரி விழும், அப்புறம் ஒரு நேரம் பார்த்து கடிச்சிடும், அதாவது முனை திடீர்னு மரத்துல ஆழமா மாட்டிக்கும். 18 கிலோ எடையில சுத்திக்கிட்டு இருக்கற கட்டை கடிச்சா அது கைய உதறி விடற சமாச்சாரம் இல்ல, பிடியவே பிடுங்கிட்டுப் போயிடும். 18 கிலோங்கறது தேக்குக் கணக்கு, ஓக்குன்னா இன்னும் கொஞ்சம் கூடும்.

உளிக்கு முன்னாடி லேத்தப் பத்தி ரெண்டு வார்த்த, ஏன்னா மெஷின் தாங்கலைன்னா உளி வாங்கி பிரயோஜனமில்ல. 12 இன்ச் ஸ்விங் (சுத்தக்கூடிய அதிகபட்ச விட்டம்) லேத்துன்னு போட்டிருந்தா அது பெட், அதாவது லேத்தோட அடித்தளத் தண்டு மேல இருக்கற அளவு, ரெஸ்ட்டத் தாங்கற பேஞ்சோ மேல அது குறையும், உங்க எட்டரை இன்ச் மூலை அங்க இடிக்காம சுத்துதான்னு கையால உருட்டிப் பாருங்க. சென்டருக்கு சென்டர் 48 இன்ச்சுக்கு மேல வேணும், கட்டையச் சுத்தற டிரைவ் சென்டரும் மறுமுனையத் தாங்கற டெயில்ஸ்டாக் சென்டரும் சாப்பிடற இடத்தையும் சேர்த்துக்கங்க. வேகத்துக்கு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, விட்டத்த இன்ச்சுல எடுத்து ஆர்பிஎம்மால பெருக்குனா 6000ல இருந்து 9000க்குள்ள நிக்கணும்னு. எட்டரை இன்ச் மூலையோட சுத்தற சதுரக் கட்டைக்கு அதோட கீழ் எல்லையே 700 ஆர்பிஎம் வருது, நான் அதுக்கும் கீழ 400, 450ல ஆரம்பிப்பேன், நாலு மூலையும் போய் உருண்டையானதும் 700, கடைசி சீவலுக்கு 1000லருந்து 1200. எலக்ட்ரானிக் வேரியபிள் ஸ்பீடு இருக்குன்னு பெல்ட்ட உயர்ந்த புல்லியில விட்டுட்டு நாப மட்டும் திருகி 400க்கு இறக்காதீங்க, மோட்டார்ல பலம் இருக்காது, உளி பட்டதும் நின்னுடும். 6 இன்ச் விட்டத்துல வெட்டும்போது 2 இன்ச் கட்டையில தேவைப்படறத விட மூணு மடங்கு முறுக்கு வேணும், அதனால பெல்ட்ட லோ ரேஞ்சுக்கு மாத்தியே ஆகணும்.

இப்ப ரஃபிங் கௌஜ். இந்த வேலையில பாதி நேரம் கையில இருக்கப்போறது இதுதான். முக்கால் இன்ச்சும் கிடைக்குது, ஒன்னேகாலும் கிடைக்குது, ஒன்றரை இன்ச்சும் சிலர் வச்சிருக்காங்க. முக்கால் இன்ச்சால 6 இன்ச் கட்டையக் கடைய முடியாதுன்னு சொல்லல, முடியும், ஆனா அதோட பக்கச் சுவர் மெலிசு, பிடிக்குள்ள போற வால் இன்னும் மெலிசு, சதுர மூலைகள் ஒரு சுத்துக்கு நாலு தடவ டப்பு டப்புன்னு அடிக்கும்போது அந்த அடி முழுக்க வால்லதான் இறங்கும். ஒன்னேகால்ல இரும்பும் கனம், அடிய அதுவே வாங்கிக்கும். குழி யு வடிவத்துல இருக்கறதா பாருங்க, ரெண்டு பக்கச் சுவரும் நேரா நிக்கணும். அந்த நேரான பக்கத்த வச்சு உளிய சாய்ச்சுப் பிடிச்சு 45 டிகிரியில சீவுனா கிட்டத்தட்ட ஸ்க்யூ குடுக்கற வழவழப்பு வரும், நீளமான டேப்பர் (கொஞ்சம் கொஞ்சமா ஒல்லியாகற சரிவு) இருக்கற தூணுக்கு இது பெரிய வசதி, ஸ்க்யூ பழகாதவங்க முழுத் தூணையும் இதுலயே முடிச்சிடலாம். ஆழமில்லாத, அகலமான பழைய ஜெர்மன் பாணி கௌஜும் இருக்கு, நல்ல சாமான்தான், ஆனா அதுல இந்த நேர் சுவர் கிடையாது. முனைய குறுக்கால நேரா, 45 டிகிரியில சாணை பிடிச்சா போதும், ரெண்டு சிறகையும் பின்னுக்கு இழுத்து கிண்ணக் கௌஜ் மாதிரி தேய்க்க வேணாம், அப்படித் தேய்ச்சா இந்த சாய்ச்சுச் சீவற வேலைக்கு நேர் விளிம்பே இருக்காது.

ஒன்னு மட்டும் அழுத்திச் சொல்லணும், இந்த உளிய கிண்ணம் கடைய எடுத்துடாதீங்க. தூண்ல நார் லேத்துக்கு இணையா ஓடுது, கிண்ணத்துல ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவ நார்முனை எதிர்ல வருது, அந்த இடத்துல கடிச்சா மெலிசான வால் பிடிகிட்டயே ஒடிஞ்சு பறக்கும். தலைகீழா சரி, அதாவது ஆழமான குழி உள்ள கிண்ணக் கௌஜ தூண்ல பயன்படுத்தலாம், பெரிய பள்ளம் எடுக்க நல்லாவே இருக்கும், அதப் பத்தி கீழ சொல்றேன்.

சதுரத்த உருட்டும்போது கட்டையோட ஓரத்துல இருந்து உள்ள பார்த்து போகாதீங்க, நீளமா ஒரு சிராய் உரிஞ்சு கிளம்பும். ஓரத்துல இருந்து ரெண்டு மூணு இன்ச் உள்ள ஆரம்பிச்சு வெளிய பார்த்து ஓட்டணும், அப்புறம் இன்னும் ரெண்டு இன்ச் உள்ள, மறுபடி வெளிய, இப்படியே. முழுத் தூணும் உருண்டையா வரப்போகுதுன்னா லேத்துல ஏத்தறதுக்கு முன்னாடியே ரம்பத்துல 45 டிகிரி சாய்ச்சு நாலு மூலையையும் சீவி எட்டுப்பட்டை ஆக்கிடுங்க. 6 இன்ச்சுக்கு ஒவ்வொரு மூலையில இருந்தும் ரெண்டு பக்கமும் ஒன்னே முக்கால் இன்ச் தள்ளிக் கோடு போட்டா சரியா வரும். உருட்டறதுக்கு எடுக்க வேண்டிய மரத்துல 80 சதவீதம் அந்த நாலு துண்டுலயே போயிடும், லேத்துல மிச்சம் எடுக்கறது கொஞ்சம்தான், உளி கூரும் மிஞ்சும் கையும் மிஞ்சும். இத யாரும் சொல்றதே இல்ல, எல்லாரும் உளி பேர மட்டும்தான் கேக்கறாங்க. சதுரப் பகுதி விடற டிசைன்ல முழு நீளத்துக்கும் இப்படிச் சீவ முடியாது, அங்க பொறுமையா கௌஜ்தான்.

ஸ்க்யூ. பாதி பேரு இதுக்குப் பயந்தே கடைசல விட்டுட்டாங்க. உங்க செட்ல இருக்கறது முக்கால் இன்ச்சோ அரை இன்ச்சோ இருக்கும், அது 6 இன்ச் தூண்ல ஏன் வேலைக்கு ஆகாதுன்னா, கட்டை பெருசாக பெருசாக மேற்பரப்போட வளைவு குறையுது, அப்ப உளி வாயில அதிக நீளம் ஒரே நேரத்துல மரத்தத் தொடும். அகலம் குறைஞ்ச ஸ்க்யூவுல தொடற இடத்துக்கும் மேல்முனைக்கும் நடுவுல இடமே மிஞ்சாது, கை லேசா தடுமாறுனா நீளமுனை மரத்துல இறங்கிடும், அவ்வளவுதான், தூண் முழுக்க ஒரு சுருள் வெட்டு. ஒன்றரை இன்ச் அகலம் இருந்தா வாயோட நடுவுல இருந்து கீழ் மூணுல ஒரு பங்குக்குள்ள வெட்ட வச்சுட்டு மேல்முனைய ரொம்ப தூரத்துல வச்சுக்கலாம். பெரிய ஸ்க்யூதான் பழகறவங்களுக்கு பத்திரம், சின்னதுல பழகிட்டு பெருசுக்குப் போறேன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

தடிமன் 3/8 இன்ச்சுக்குக் குறையாம, அரை இன்ச் கிடைச்சா இன்னும் நல்லது. சாணைக் கோணத்துக்கு டிகிரி அளக்கற கருவி தேட வேணாம், ஒரு பக்கச் சாய்வோட நீளம் உளித் தடிமன் மாதிரி ஒன்றரை மடங்கு இருந்தா ரெண்டு சாய்வும் சேர்ந்து 40 டிகிரிக்குப் பக்கத்துல வரும், ரெண்டு மடங்குன்னா 30 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. கெட்டி மரத்துக்கு முதல் கணக்கு, மெத்து மரத்துக்கு ரெண்டாவது. வாய நேரா வைக்கலாம், லேசா வளைவாவும் வைக்கலாம், வளைவா இருந்தா பெரிய உருளையச் சீவும்போது முனை ரெண்டும் தானா விலகி நிக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஓவல் ஸ்க்யூன்னு விப்பாங்க, கையில வழுக்கிட்டுப் போறது சுகமாத்தான் இருக்கும், ஆனா ஓரத்துல இரும்பு குறைவு, ரெஸ்ட் மேல ஆடும், சாணையிலயும் ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைக்கறது கஷ்டம், பெரிய வேலைக்கு வேணாம். புதுசா வாங்குன பட்டை ஸ்க்யூவோட நாலு நீள ஓரமும் கத்தி மாதிரி இருக்கும், அத எமரியில லேசா உருட்டிடுங்க, இல்லைன்னா ரெஸ்ட்டுல பள்ளம் பள்ளமா விழும், அந்தப் பள்ளத்துல அடுத்த உளி தட்டித் தட்டி நிக்கும், அந்தத் தட்டல் அப்படியே மரத்துல தெரியும்.

சதுரத்துல இருந்து உருண்டைக்கு மாறுற அந்தத் தோள்பட்டை இருக்கே, தூண்ல எல்லாரும் கண்ணு வைக்கற இடம் அதுதான். அங்க ஸ்க்யூவோட நீளமுனைதான் வேலை செய்யும். பென்சில் கோட்ட நாலு பக்கமும் கனமாப் போட்டு, மூலையில மட்டும் கைவாளால கோட்டுக்கு ஒரு நூல் வெளிய லேசா ஒரு அறுப்பு குடுத்துட்டு ஏத்துங்க, சில்லு பேராம இருக்கும். அப்புறம் நீளமுனையால சின்னதா ஒரு கீறல், கழிவுப் பக்கத்துல இருந்து சாய்வா ஒரு வெட்டு, மறுபடி கீறல், மறுபடி சாய்வு, வி மாதிரி திறந்துட்டே போகணும். ஒரேயடியா உள்ள குத்தாதீங்க, 6 இன்ச் சதுரத்துல மூலை ஒன்னேகால் இன்ச் ஆழம், அத்தனையும் முடியற வரைக்கும் உளி பாதி நேரம் காத்துலதான் இருக்கும், காத்துல இருக்கும்போது அழுத்துனீங்கன்னா அடுத்த மூலை வந்து மோதும். இந்த வேலையில பயம் போகலைன்னா கூர்முனை சாணை பிடிச்ச ஸ்பிண்டில் கௌஜாலயும் அதே தோள எடுக்கலாம், கொஞ்சம் உருண்டையா வரும், பார்க்கவும் நல்லாத்தான் இருக்கும்.

ஸ்பிண்டில் கௌஜ் அரை இன்ச். பெரிய தூண்ல குமிழும் பள்ளமும் பெருசு பெருசா இருக்கும், 3 இன்ச் அகலத்துக்கு ஒரு பள்ளம்லாம் சர்வசாதாரணம், 3/8 இன்ச் கௌஜ வச்சு அதச் செஞ்சா பள்ளத்தோட அடியில அதிரும். 40 டிகிரி சாணை பொதுவான வேலைக்கு, ரெண்டு குமிழ் ஒட்டி நிக்கற சந்துக்குள்ள போகணும்னா 30, 35க்கு இழுத்த நீளச் சாய்வு வேணும், உங்ககிட்ட ஏற்கனவே இருக்கற சின்ன கௌஜ அதுக்கு ஒதுக்கிடுங்க. பள்ளத்த ரெண்டு ஓரத்துல இருந்தும் நடுவுக்கு இறக்கிட்டு வரணும், நடுவத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறக்கூடாது, ஏறுனா நார் கிளம்பும். அரை இன்ச்சும் அதிருதுன்னு பட்டா இங்கதான் கிண்ணக் கௌஜ் உதவிக்கு வருது, அதோட கம்பி கனம், குழி ஆழம், பிடியும் நீளம், ரெண்டரை மூணு இன்ச் நீட்டத்துக்கும் அசையாது. கிண்ணக் கௌஜ் அளவ மட்டும் ஜாக்கிரதையாப் படிங்க, சில நாட்டுல கம்பியோட விட்டத்தச் சொல்றாங்க, சில நாட்டுல குழியோட அகலத்தச் சொல்றாங்க, ஒரே உளி ஒரு பக்கம் அரை இன்ச், இன்னொரு பக்கம் 3/8ன்னு எழுதியிருக்கும், கம்பி விட்டத்தக் கேட்டு வாங்கிட்டா குழப்பமில்ல.

பார்ட்டிங் டூல்ல டைமண்ட் வடிவம் இருந்தா அத வச்சுக்கங்க, நடுவு தடிச்சு ஓரம் மெலிஞ்சு இருக்கறதால ஆழமா இறங்கும்போது ரெண்டு சுவரும் பிடிக்காது. பட்டையா ஒரே தடிமன்ல இருக்கறது 2 இன்ச் கட்டையில ஓகே, 6 இன்ச்சுல ஒரு இன்ச் ஆழம் போனா சூடாகி இறுகிடும், அதுல வேலை செய்யறதா இருந்தா வெட்ட ரெட்டிப்பு அகலமாத் திறந்துக்கிட்டே போங்க. தூண் கடையற முறையே இந்த உளியில இருந்துதான் ஆரம்பிக்குது, எங்கெங்க விட்டம் மாறுதோ அங்கெல்லாம் முதல்ல பார்ட்டிங்கால அளவுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வச்சுட்டு, நடுவுல இருக்கறத ரஃபிங் கௌஜால எடுத்துச் சேர்த்துடறது. நாலு தூணும் ஒன்னு மாதிரி வரணும்னா காலிப்பர் மூணு நாலு வாங்கி ஒவ்வொன்னையும் ஒரு அளவுக்குப் பூட்டி வச்சிடுங்க, ஒரே காலிப்பர மாத்தி மாத்தி வச்சா நாலாவது தூண்ல எங்கயோ ஒரு நூல் இடிக்கும். காலிப்பர் முனைய அரத்தால உருட்டிட்டுத்தான் சுத்தற மரத்துல வைக்கணும், சதுரமா இருக்கற இடத்துகிட்ட மெஷின் ஓடும்போது கொண்டே போகக்கூடாது.

கார்பைடு டூல் இருக்குன்னு சொன்னீங்க. மூலைய உடைக்கறதுக்கு அது ஓடும், தயங்காம பயன்படுத்துங்க, சாணை பிடிக்கற வேலையே இல்ல, முனை மழுங்குனா டிப்பத் திருப்பிக்கலாம். ஆனா அது சீவற உளி கிடையாது, சுரண்டற உளி, நாரப் பிய்ச்சு எடுக்கும். பைன் மாதிரி மெத்து மரத்துல முழுத் தூணையும் அதுலயே முடிச்சீங்கன்னா பஞ்சு பஞ்சா நிக்கும். 2 இன்ச் கைப்பிடியில அத உப்புத்தாள் போட்டு சரி பண்ணிடலாம், 6 இன்ச் விட்டத்துல 4 அடி தூணுக்கு மேற்பரப்பு 6 சதுர அடிக்கு மேல வருது, நாலு தூணுக்கு 25 சதுர அடி, அத்தனையும் 80ம் நம்பர்ல ஆரம்பிச்சு தேய்க்கணும்னா தேய்ச்சுப் பாருங்க. அதுவும் சுத்தவிட்டு தேய்க்கற தேய்ப்பு நாருக்குக் குறுக்க போகுது, ஸ்டெயின் அடிச்சதும் வளையம் வளையமா கீறல் எல்லாம் எழுந்து நிக்கும். ஸ்க்யூவால சீவுன பரப்புல 180ல ஆரம்பிச்சா போதும், கடைசி நம்பர மெஷின நிறுத்திட்டு நார் வாக்குல நீளமா ஒரு இழுப்பு இழுத்துடுங்க.

இரும்பு வகையில ரொம்ப யோசிக்காதீங்க. எம்2 எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்ல ஒரு வகை) இந்த வேலைக்குப் போதும். கோபால்ட் சேர்த்த எம்42ம் பவுடர் மெட்டல் உளிகளும் கூர அதிக நேரம் தாங்கும், உண்மைதான், தேக்கு மாதிரி சிலிக்கா உள்ள மரத்துல அது நல்லாவே தெரியும், ஒட்டுப் போட்டுச் சேர்த்த கட்டையில காஞ்ச பசையும் கூரத் தின்னும், அங்கயும் உதவும். கூடுதல் பணத்த ஒரே ஒரு உளியிலதான் போடணும்னா ரஃபிங் கௌஜுல போடுங்க, அதிகமா மழுங்கறது அதுதான். பழைய கார்பன் ஸ்டீல் உளி கிடைச்சா தள்ளிடாதீங்க, ஸ்க்யூவுக்கு அருமையான கூர் வரும், ஆனா சாணையில நீலம் பாஞ்சா அந்த இடம் மெத்துனு ஆயிடும், அடிக்கடி தண்ணியில முக்கி முக்கிப் பிடிக்கணும். எச்எஸ்எஸ்ஸுக்கு நீலம் ஒன்னும் பண்ணாது, அதத் தண்ணியில முக்கறதுதான் தப்பு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். ரெண்டுல எதுன்னு தெரியலைன்னா சாணைக்கல்லுல லேசா தொட்டுப் பாருங்க, கார்பன் ஸ்டீல் வெள்ளையா வெடிச்சு வெடிச்சு பொறி பறக்கும், எச்எஸ்எஸ் மங்கலா ஆரஞ்சு நிறத்துல கம்மியாத்தான் விடும்.

சாணைய மறந்துட்டு உளிய மட்டும் வாங்கறது உப்பில்லாம சமைக்கற மாதிரி. 8 இன்ச் சக்கரம், 1400 ஆர்பிஎம் பக்கத்துல ஓடற மெதுவான கிரைண்டர், வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லு 80 நம்பர், அதோட ஆடாத ஒரு பிளாட்ஃபார்ம். சிபிஎன் (ரொம்பக் கெட்டியான போரான் நைட்ரைடு தூள் பூசின) சக்கரம் இருந்தா இன்னும் சுகம், கல்லு தேயாது, வட்டம் மாறாது, ஆனா அது எச்எஸ்எஸ்ஸுக்கு மட்டும், மெத்து இரும்பத் தேய்ச்சா சக்கரம் அடைச்சுக்கும். ரஃபிங் கௌஜ பிளாட்ஃபார்ம்ல வச்சு அப்படியே உருட்டுனா முடிஞ்சது, உளியக் கோணத்துல பிடிச்சுக் குடுக்கற ஜிக் எதுவும் வேணாம். ஸ்க்யூவ மட்டும் சாணைக்கப்புறம் டைமண்ட் தகட்டுல நாலு தேய்ப்பு தேய்ங்க, சக்கரம் விட்ட குழிவுல மேல் ஓரமும் கீழ் ஓரமும் தகட்டத் தொடற மாதிரி வச்சா கோணம் தானா அமையும். கெட்டி மரத்துல ஒரு தூண் உருட்டறதுக்குள்ளயே பல தடவ சாணைக்குப் போகணும், சீவல் நீளமா வர்றது நின்னு தூளா வர ஆரம்பிச்சா போகலாம்னு அர்த்தம், அழுத்தி சமாளிக்கப் பார்க்காதீங்க.

பிடி நீளத்துக்கு வர்றேன். வெளிய நீட்டற நீளத்துக்கு நாலஞ்சு மடங்கு ரெஸ்ட்டுக்குப் பின்னாடி உங்க கையில இருக்கணும், 3 இன்ச் நீட்டம்னா 15 இன்ச். செட்ல வர்ற உளிகளுக்கு பிடி 10 இன்ச் இருந்தா அதிகம். பிடி இல்லாம வெறும் உளியா வாங்கி 16 இன்ச்சுல நீங்களே கடைஞ்சு போட்டுக்கறது நல்லது, கைப்பிடி கடையறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா. வால் முழுசா உள்ள போற ஆழத்துக்கு ஓட்டை, வாய்ல ஒரு கெட்டி பித்தளைப் பூண், அவ்வளவுதான். அடிப்பிடிய இடுப்போட ஒட்ட வச்சு உடம்பால நகரணும், 4 அடி தூண கை மட்டும் வச்சு சீவ முடியாது.

ரெஸ்ட்டு விஷயத்துல சின்ன லேத்தோட வர்ற மெல்லிசுக் கம்பு ரெஸ்ட்ட நம்பாதீங்க, 1 இன்ச் கம்பு நல்லது. 24 இன்ச் நீள ரெஸ்ட் ரெண்டு பேஞ்சோவுல உக்கார்ற மாதிரி கிடைச்சா நீளச் சீவலுக்கு அருமை, இல்லாட்டி 12 இன்ச்ச நகர்த்தி நகர்த்தி செய்யலாம், ஒன்னும் குறைஞ்சிடாது. டிரைவ் சென்டர் மட்டும் மாத்தணும், முக்கால் இன்ச் நாலு பல்லு 18 கிலோவுக்கு வழுக்கி நார்முனைய அப்படியே தோண்டிடும், ஒன்றரை இன்ச்சுக்கு மேல எடுங்க, மரத்துல குறுக்கா ரெண்டு அறுப்புப் போட்டு மரச்சுத்தியால அடிச்சு இறக்கிட்டு அப்புறம் ஏத்துங்க. முதல் அஞ்சு நிமிஷம் ஓடுனதும் நிறுத்தி டெயில்ஸ்டாக்க மறுபடி இறுக்கணும், பல்லு உள்ள இறங்குன அளவுக்கு தொளதொளன்னு ஆயிருக்கும். கட்டைய நடுவுல அதிராம தாங்கற ஸ்டெடி ரெஸ்ட் இந்த அளவுக்கு வேணாம், நடுவுல ரொம்ப ஒல்லியா இறங்குற டிசைன்னா மட்டும் யோசிக்கலாம். முகத்துக்கு முழு ஷீல்டு, கையில கிளவுஸ் கிடையாது, முழுக்கை சட்டைய மடிச்சு விடறத விட அரைக்கை போட்டுக்கங்க, ஸ்விட்சு போடும்போது கட்டைக்கு நேரா நிக்காம ஒதுங்கி நில்லுங்க.

இருக்கற செட்ட என்ன பண்றதுன்னா, அதுல இருக்கற ரஃபிங் கௌஜ் கழுத்து மாதிரி ஒல்லியான இடத்துக்கு ஓடும், பார்ட்டிங்க வச்சுக்கங்க, சின்ன ஸ்க்யூ பழைய அளவு வேலைகளுக்கே இருக்கட்டும். உருண்டை மூக்கு ஸ்கிரேப்பர் (சுரண்டற உளி) ஒன்னு கண்டிப்பா இருக்கும், அத மேல்பக்கமும் லேசா சாய்வா தேய்ச்சு நெகட்டிவ் ரேக் ஆக்கிடுங்க, கெட்டி மரத்துல பெரிய பள்ளத்தோட அடியில கௌஜ் விட்ட மேடு பள்ளத்த எடுக்க நல்லா உதவும், ரெஸ்ட்டுல படுக்க வச்சு சும்மா தடவுற மாதிரி பிடிச்சா போதும். மெத்து மரத்துல அதத் தொடாதீங்க. முதல் தூண நல்ல கட்டையில ஆரம்பிக்காம அதே அளவுல மட்ட மரம் ஒன்னு 2 அடிக்கு வாங்கி தோள்பட்டை ரெண்டும் ஒரு பள்ளமும் மட்டும் எடுத்துப் பாருங்க, அதுல எங்க அதிருதுன்னு பார்த்துட்டு அப்புறம் ஸ்பிண்டில் கௌஜ் வாங்கறதா கிண்ணக் கௌஜ் வாங்கறதான்னு முடிவு பண்ணலாம், ரஃபிங்கும் ஸ்க்யூவும் இப்பவே வாங்கிடலாம்.